போய்வரும் தூரம்

 

அயல்நாடுகளுக்கு இடையே உள்ள தூரம் மனிதர்களின் போக்குவரத்தை எப்படி ஆட்டிவைக்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். சிட்னியிலிருந்து ஒக்லாந்து எவ்வளவு தூரம்? ஏறக்குறைய 2,150 கிலோமீற்றர். பேர்த் எவ்வளவு தூரம்? 3,300 கிலோமீற்றர். சொந்த நாட்டின் மறுகரையைவிட அயல்நாடு எங்களுக்குக் கிட்ட இருக்கிறது. சரி, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி எவ்வளவு தூரம்? 30 கிலோமீற்றர் சொச்சம். இந்த மண்டபத்திலிருந்து சிட்னி விமான நிலையத்துக்குப் போகும் தூரம், அவ்வளவுதான்.

இப்போது சொல்லுங்கள். இந்த இரண்டு கடல்களில் எது அகலமான கடல்?

என் அம்மம்மா பருத்தித்துறையில் பிறந்தவ. கொழும்பை அவ தன் ஆயுளில் இரண்டே தரம்தான் பார்த்தவ. சிதம்பரத்தை எத்தனை தரம் பார்த்தா என்பதற்குக் கணக்கே இல்லை. மார்கழித் திருவாதிரை வருகிறதென்றால் தகரப் பெட்டி கீழே இறங்கும். கோச்சி ஏறி, மதவாச்சியில் வண்டி மாறி, தலைமன்னார். அங்கே கப்பல். அக்கரையில் தனுஷ்கோடி. இறங்கினால் போட் மெயில் ரயில் காத்துக்கொண்டு நிற்கும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த நாள் தொடக்கம் சென்னை எழும்பூரையும் கொழும்பையும் ஒரே பயணமாகக் கட்டி வைத்த ரயில் அது. நடுவில் கடல் ஒன்று இருக்கிறது என்பது பயணத்தில் ஒரு சிறு இடைவேளை, அவ்வளவுதான்.

இரண்டு மூன்று கிழமையில் அம்மம்மா திரும்பி வந்துவிடுவா. அந்தப் பெட்டியைத் திறக்கும்போது நாங்கள் சுற்றி இருப்போம். மேலே விபூதிப் பொட்டலம். அதற்குக் கீழே கும்பகோணத்துப் பித்தளைச் செம்பு ஒன்று, ஒரு பழைய சேலையில் சுற்றியபடி. செம்புக்குள்ளே கற்கண்டு. அந்தச் சேலையின் மணம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது: கற்பூரமும் ரயில் கரியும் கலந்த மணம். வெளிநாடு போய் வந்தேன் என்று அவ ஒருநாளும் சொன்னதில்லை. சிதம்பரம் போய் வந்தேன் என்றுதான் சொல்லுவா.

அவ மட்டுமா? ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அச்சு இயந்திரம் வாங்க மறுவருடம் சென்னைக்குப் போனார். 1864இல் சிதம்பரத்திலே ஒரு சைவப் பள்ளிக்கூடம் நிறுவினார். போனார், வந்தார், மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். 1879இல் அவர் கண் மூடியது யாழ்ப்பாணத்தில். அவரை ‘புலம்பெயர்ந்தவர்’ என்று யாராவது எழுதினார்களா? எழுதமாட்டார்கள். ஏன்? அவர் திரும்பி வந்தார். திரும்பி வருவதற்குக் கடல் திறந்திருந்தது.

இங்கேதான் நான் உங்கள் கவனத்தைக் கேட்கிறேன். இரு நாடுகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் போகும் வழியால் மட்டும் அளந்தால் போதாது. திரும்பி வரும் வழியாலும் அளக்க வேண்டும். எங்கள் மொழி அதை எப்போதோ கண்டுகொண்டது. வீட்டை விட்டு இறங்கும்போது நாங்கள் ‘போறன்’ என்று சொல்வதில்லை. சொன்னால் அம்மா வாயிலே அடிப்பா. ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

இதே நாட்டின் வடகரையில் ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லி வாழ்ந்த ஒரு கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் இந்த மண்ணின் வடக்கைத் தமது வரைபடத்தில் சரியாக வரைந்து முடிப்பதற்கு முன்னரே, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து மக்காசார் மாலுமிகள் ஆண்டுதோறும் இங்கே வந்தார்கள். எதற்காக வந்தார்கள்? கடலட்டைக்காக! மன்னாரில் எங்கள் கடற்றொழிலாளர்கள் சுழியோடி எடுக்கும் அதே கடலட்டைதான். அதை எடுத்து, அவித்து, புகையூட்டிக் காயவைத்துச் சீனத்துக்கு விற்றார்கள். மார்கழி வாக்கில் வடமேற்குப் பருவக்காற்று அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. சித்திரை வாக்கில் தென்கிழக்குக் காற்று திரும்பக் கொண்டுபோனது. வாடையையும் சோளகத்தையும் பார்த்துப் பாய் விரித்த பரம்பரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1803இல் மத்தியூ ஃபிளின்டர்ஸ் இந்தக் கண்டத்தைச் சுற்றி வந்தபோது, ஆர்னம் நிலத்துக் கரையில் போபாசு என்ற மக்காசார்த் தலைவரைச் சந்தித்தார். அந்த ஒரு பருவத்தில் மட்டும் 60 படகுகளும் 1,000 ஆட்களும் வந்திருப்பதாகப் போபாசு சொன்னதை அவர் பதிந்து வைத்திருக்கிறார்.

அந்தக் கரைக்கு மக்காசார் மக்கள் வைத்த பெயர் மாரேகே. அங்கே வாழும் யொல்ஙு மக்களோடு அவர்கள் பண்டம் மாற்றினார்கள், சண்டையும் பிடித்தார்கள், பெண்ணும் கொண்டார்கள். யொல்ஙு மக்களிலும் சிலர் அந்தப் படகுகளில் ஏறி மக்காசாரைப் பார்த்துவிட்டு அடுத்த பருவத்தில் திரும்பி வந்தார்கள். யொல்ஙு மொழியில் பணத்துக்கு என்ன சொல் தெரியுமா? ‘ருப்பியா’! சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போய், மக்காசாருக்குப் போய், கடல் தாண்டி ஆர்னம் நிலத்தில் இறங்கிய எங்கள் ரூபாய்.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. மக்காசார் மாலுமிகள் குடில் போட்ட கரைகளில் இன்றைக்கும் புளியமரங்கள் நிற்கின்றன. அவர்கள் சமைக்கக் கொண்டுவந்த புளி, துப்பிய கொட்டை, முளைத்த மரம். கல்வெட்டு இல்லை, கோட்டை இல்லை. யாரையும் துரத்திவிட்டு அவர்கள் அங்கே குடியேறவில்லை. வந்தார்கள், அவித்தார்கள், காயவைத்தார்கள், காற்று மாறியதும் போனார்கள். அடுத்த மார்கழியில் திரும்பி வந்தார்கள். அந்தப் புளியமர நிழலுக்கு முன்னால் எந்தச் சரித்திர நினைவுத்தூணும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இது எப்படி முடிந்தது? கடல் அகலமாகிவிட்டதா? இல்லை. காற்று நின்றுவிட்டதா? இல்லை. அப்போது வடபுலத்தை ஆண்டது தென் அவுஸ்திரேலிய அரசு. அது முதலில் சுங்கவரி போட்டது. பிறகு வெளியாருக்கு அனுமதிப்பத்திரம் இல்லை என்றது. 1906-07 பருவத்தோடு கடைசிப் படகும் போனது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாவது நடந்த போக்குவரத்து ஒரு அலுவலக மேசையில் முடிந்தது. வந்து போனவர்களைத் தடுத்த அந்த மாநிலமும் சேர்ந்த கூட்டாட்சிதான் 1901இலேயே வெள்ளை அவுஸ்திரேலியச் சட்டத்தையும் எழுதியது என்பதை மறக்க வேண்டாம்.

தூரத்தின் கொடுங்கோன்மை என்று ஜெஃப்ரி பிளேனி 1966இல் ஒரு புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். இந்த நாட்டைத் தூரம் எப்படி வடித்தது என்று சொன்ன புத்தகம். நான் அதை மதிக்கிறேன். ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு எண்ணம் வரும். லண்டனிலிருந்து அளந்தால்தான் இது தூரமான நாடு. மக்காசாரிலிருந்து அளந்தால் இது அடுத்த கரை.

அடுத்த கரை என்றதும் சைபாய் நினைவுக்கு வருகிறது. டொரஸ் நீரிணையில் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான சிறு தீவு அது. பப்புவா நியூகினிக் கரையிலிருந்து நாலே நாலு கிலோமீற்றர். அக்கரையில் சமைக்கும் புகை இக்கரையில் தெரியும். இரு கரையிலும் சம்பந்தம் கலந்த குடும்பங்கள். இந்த மக்களைப் பிரிக்கக்கூடாது என்று இரு நாடுகளும் 1978இல் ஒரு ஒப்பந்தம் எழுதின. 1985இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அந்தக் கரைகளின் பாரம்பரியக் குடிகள் கடவுச்சீட்டு இல்லாமல், விசா இல்லாமல், ஊர்ப் பொறுப்பாளர் எழுதிக் கொடுக்கும் ஒரு துண்டோடு போய்வரலாம். கலியாணத்துக்குப் போகலாம், செத்தவீட்டுக்குப் போகலாம், மீன் பிடிக்கலாம், பண்டம் மாற்றலாம். வேலை தேடித் தங்க முடியாது. ஒப்பந்தத்தில் பெயர் உள்ள ஊர்க்காரருக்கு மட்டும்தான் இது. பெயர் இல்லாத அடுத்த ஊர்க்காரருக்கு அதே நாலு கிலோமீற்றரைத் தாண்ட விசா வேண்டும். ஒரே கடல், ஓர் ஊருக்கு வாய்க்கால், அடுத்த ஊருக்குச் சமுத்திரம்.

குறை உண்டுதான். ஆனாலும் உலகத்திலேயே மிகக் கண்டிப்பான எல்லை வைத்திருக்கும் நாடுகளில் ஒன்று, தன் வடகோடியில், உறவுக்காரர் போய்வரட்டும் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறதே! அதை யாழ்ப்பாணத்தவரும் இராமேசுவரத்தவரும் ஒருதரம் நிதானமாக நின்று பார்க்க வேண்டும்.

இனி தாஸ்மன் கடலுக்கு வருவோம். இந்த மண்டபத்திலேயே எத்தனை பேர் நியூசிலாந்து வழியாக வந்தீர்கள் என்று கை தூக்கச் சொன்னால் பாதிக் கை எழும்பும் என்று எனக்குத் தெரியும். அங்கே அடைக்கலம் கிடைத்து, அங்கே குடியுரிமை எடுத்து, பிறகு கடல் தாண்டி ஹோம்புஷ்ஷுக்கும் டண்டினோங்குக்கும் வந்து சேர்ந்தவர்கள் நீங்கள். உங்களுக்கு இந்தக் கதை பாடம்.

ஒரு காலத்தில் நியூசிலாந்தையும் அவுஸ்திரேலியாவின் ஒரு மாநிலமாகச் சேர்க்கலாம் என்று பேச்சிருந்தது. இந்த நாட்டு அரசியலமைப்பில், மாநிலங்கள் எவை என்று சொல்லுமிடத்தில், நியூசிலாந்தின் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. 1890இல் மெல்பேர்ணில் கூடிய மாநாட்டில் நியூசிலாந்தின் சேர் ஜோன் ஹோல் அதற்குப் பதில் சொன்னார்: நடுவில் 1,200 மைல் கடல் கிடக்கிறது, இணைய முடியாததற்கு 1,200 காரணங்கள் அங்கேயே இருக்கின்றன என்ற பொருளில். கடல் அவர்களைத் தனி நாடாக்கியது உண்மை. ஆனால் தனி நாடானவர்கள் போக்குவரத்தை அறுத்துக்கொள்ளவில்லை. 1973இல் தாஸ்மன் பயண ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். 1981 வரை கடவுச்சீட்டுக்கூடத் தேவைப்படவில்லை. 1994 தொடக்கம், நியூசிலாந்துக் குடிமகன் இங்கே வந்து இறங்கும்போதே அவருக்குத் தனி விசா ஒன்று கிடைத்துவிடுகிறது. முன்கூட்டி விண்ணப்பம் இல்லை, வங்கிக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, ஆங்கிலப் பரீட்சை இல்லை.

என்ன நடந்தது? 2021 கணக்கெடுப்பில், நியூசிலாந்தில் பிறந்த சுமார் 5,30,000 பேர் இங்கே வாழ்ந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் இங்கேயே நின்றுவிட்டார்களா? இல்லை. இங்கே சம்பளம் கூடினால் வருகிறார்கள். வேலை குறைந்தால் போகிறார்கள். அம்மாவுக்குச் சுகமில்லையென்றால் போகிறார்கள், சுகமானதும் வருகிறார்கள். கதவு திறந்திருந்தால் எல்லோரும் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கடலைப் பார்க்க வேண்டும். டக்ளஸ் மாசி என்ற அமெரிக்க சமூகவியல் பேராசிரியர் மெக்சிக்கோ எல்லையில் பல ஆண்டு ஆராய்ந்து இதன் மறுபக்கத்தைக் காட்டினார். அறுவடைக்கு வந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள், எல்லைக் காவல் இறுகிய பிறகு, போனால் திரும்பி வர முடியாது என்ற பயத்தில் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்கள். பிறகு மனைவி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார்கள். வேலியை உயர்த்தினார்கள், வேலி ஆட்களை உள்ளே பூட்டி வைத்தது.

தாஸ்மன் கடலிலும் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. 2001 பெப்ரவரிக்குப் பிறகு வந்த நியூசிலாந்தர்களுக்கு வேலையற்றோர் உதவி மறுக்கப்பட்டது, குடியுரிமைக்கான நேர்வழியும் அடைபட்டது. 2023 ஜூலையில்தான், நாலு வருடம் இங்கே வாழ்ந்தால் நேரே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்த வழி திறந்தது. 2014இல் மாற்றிய சட்டத்தால், குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்தவர்கள்கூட, ஒரு வருடச் சிறைத்தண்டனை பெற்றதற்காக, தெரிந்தவர் ஒருவருமில்லாத நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு அந்தக் கடல் ஒருவழிக் கடல்.

ஒருவழிக் கடல் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா?

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எழுதியது. அந்த வருடம் டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பிறகு கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. பதுளையிலும் ஹட்டனிலும் கோச்சி ஏறியவர்கள் தலைமன்னார்ப் பாலத்தடிக்கு வந்தார்கள். பெரும்பாலானவர்கள் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. பாட்டன் பூட்டன் வந்த கடல் அது. பேரப்பிள்ளைகளுக்கு அது திரும்பும் கடல் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. அவர்கள் மனதில் திரும்புவது என்றால் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்புவதுதான். அதற்குக் கப்பல் இல்லை. அதே கடல்துண்டில்தான் என் அம்மம்மா கற்கண்டுச் செம்போடு திரும்பி வந்தா.

பிறகு 1983இன் இனக்கலவரம். கப்பலும் நின்றது. இரவில், மீன்பிடி வள்ளங்களில், பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் சனம் மன்னாரிலிருந்து இராமேசுவரம் போனது. கிட்டத்து ஊருக்குத்தான் அதிகம் பேர் பெயர்வார்கள் என்று 1885இலேயே லண்டனில் ராவன்ஸ்டைன் என்ற அறிஞர் விதி வகுத்தார். எங்கள் சனத்திலும் முதலில் பெரும் தொகையாகப் போனது கிட்டத்துக்குத்தான். ஆனால் அங்கே முகாம். முப்பது, நாற்பது ஆண்டு கழிந்தும் முகாம். அங்கே குடியுரிமை இல்லை, திரும்பிப் போக ஊரும் இல்லை. அதனால்தான் 30 கிலோமீற்றர் அயலைத் தாண்டி, ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் எங்கள் தூரம் நீண்டது. இதைப் பேராசை என்று பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை நீங்கள் சொல்ல வேண்டும்.

அந்த வழியில் சிலர் இந்த நாட்டின் கிறிஸ்மஸ் தீவுக்கு வந்தார்கள். ஜாவாவிலிருந்து 350 கிலோமீற்றர். இந்தப் பெருநிலத்திலிருந்து 1,500க்கு மேல். 2001 ஓகஸ்டில் தம்பா என்ற நோர்வேக் கப்பல் கடலில் மீட்ட 433 பேரை இறக்க அனுமதி மறுத்த அரசு, மறுமாதமே ஒரு சட்டம் செய்தது: குடிவரவு விடயத்தில் கிறிஸ்மஸ் தீவு அவுஸ்திரேலியா அல்ல! 2013 மே மாதத்தில் இன்னும் ஒரு படி போய், படகில் வருபவருக்குப் பெருநிலமே அவுஸ்திரேலியா அல்ல என்று எழுதினார்கள். ஒருவர் டார்வின் மண்ணில் காலூன்றி நின்றாலும் சட்டப்படி அவர் இன்னும் வந்துசேரவில்லை. கடலை இதைவிட அகலமாக்க எந்தப் பேரலையாலும் முடியாது.

அந்த 2001 ஒக்டோபரில் இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்ட ஒரு படகு கவிழ்ந்து 353 பேர் மூழ்கினார்கள். அவர்களில் 146 பேர் குழந்தைகள், 142 பேர் பெண்கள். ஏன் இத்தனை பெண்களும் குழந்தைகளும்? பலருடைய கணவர், தகப்பன் ஏற்கெனவே இங்கே தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தார்கள். அந்த விசாவில் அப்போது குடும்பத்தை அழைக்க முடியாது. வெளியே போனால் திரும்பி வரவும் முடியாது. மூன்று பெண்பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் உயிர் பிழைத்து இந்தோனேசியாவில் கிடந்தாள். கணவன் இங்கே. போய் அவள் கையைப் பிடிக்கலாம். பிடித்தால் திரும்ப முடியாது.

அன்பர்களே, எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். பெயர் வேண்டாம். 2012இல் படகில் வந்தவர். மேற்குச் சிட்னியில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிறார். அவரோடு வேலை செய்யும் நியூசிலாந்துக்காரர் ஒருவருடைய தாய் ஒரு வியாழக்கிழமை இறந்தார். அவர் வெள்ளிக்கிழமை விமானம் ஏறினார், சனிக்கிழமை மண் போட்டார், திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. ஆனால் வந்தார்.

அதற்கு நாலு மாதம் கழித்து எங்கள் ஆளின் தாய் ஊரிலே இறந்தா. கார் நிறுத்தும் கொட்டகையில், ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் போனை நிமிர்த்தி வைத்திருந்தார். இங்கே இருட்டிவிட்டது; அங்கே பட்டப்பகல். திரையில் பறைச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வாய்க்கரிசி போடும் நேரத்தில் படம் உறைந்து நின்றது. மூத்த மகன் அவர். கையில் அரிசியை வைத்துக்கொண்டு, திரை மறுபடி அசையும் வரைக்கும், அப்படியே நின்றார். நாங்கள் ஐந்தாறு பேர் பக்கத்தில் நின்றோம். ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்த அரிசியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

2023 பெப்ரவரியில், தற்காலிக விசாவில் கிடந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தார்கள். அவருக்கும் கிடைத்தது. அதே வருடம் ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே, நாற்பது வருடத்துக்குப் பிறகு, பயணிகள் கப்பல் வந்தது. சில நாளில் நின்றது. 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. நாலு மணித்தியாலப் பயணம்.

ஊருக்குப் போக அவருக்கு இன்னும் பயம். அதனால் ஓர் ஆடி அமாவாசைக்கு அவர் இங்கிருந்து சென்னைக்குப் பறந்து வேதாரணியம் போனார். தங்கை காங்கேசன்துறையில் கப்பலேறி நாகபட்டினத்தில் இறங்கினா. பதின்மூன்று வருடம். வேதாரணியக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு பேரும் தாய்க்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். தங்கை ஒடியலும் பனங்கட்டியும் கட்டிக்கொண்டு வந்திருந்தா. நாலாம் நாள் அவ கப்பலுக்குப் போனா, இவர் ரயிலுக்குப் போனார்.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தார்.